வோத்தோ ஒட்டிவைத்த அம்மா

மர்வோத்தோவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை எங்கள் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். துலுங்காகுங் டவுனிலிருந்து எங்கள் சந்தைவரை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் தொங்குகிற குடும்பப் படம் அவர் கம்ப்யூட்டரில் செய்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. மேலிருந்து மூன்றாவது வரியை அமுக்கு, அதற்குள்ளே நாலாவது, பிறகு மூலையைப் பிடித்து இழு. அவர் படிப்பு அவ்வளவுதான். மூன்றாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "என்ன எழவோ, அமுக்கினா வேலை நடக்குதில்ல?" என்பார்.

மலேசியாவில் கட்டட வேலைக்குப் போய் முதுகு ஒடிந்து திரும்பியவர் அவர். மச்சான் ஒருவன் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை வைத்திருந்தான். அங்கே ஒரு மழைக்காலம் முழுக்க அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு, தனியாக ஒரு போட்டோக் கடை போட்டார். ஒருமுறை அந்தச் சாப்ட்வேர் தானாகப் புதுசாகி, மெனுவில் ஒரு வரி கூடிவிட்டது. அது தெரியாமல் மூன்றாவதை அமுக்கி, ஊராட்சித் தலைவரின் மருமகனைத் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டார். அன்றைக்குக் கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் போனவர், மச்சான் வந்து எண்ணிச் சொல்லும்வரை திறக்கவே இல்லை.

அவருக்குச் சோறு போடுவது ஒட்டுகிற வேலை. எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் ஹாங்காங்கிலும் தைவானிலும் அடுத்தவர் வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோன்பு முடிந்து லெபாரான் பெருநாள் வந்தால் குடும்பம் பூராவும் ஒரே துணியில் தைத்து உடுத்திக்கொண்டு படம் எடுத்தாக வேண்டும். அம்மா இல்லாத வீடு என்ன செய்யும்? அவள் அதே துணியில் தைத்து உடுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் பார்க்கில் நின்று, தோழி போனில் எடுத்த படத்தை அனுப்புவாள். வோத்தோ அவளை வெட்டிக் கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் நிறுத்துவார். ஆளுக்கு ஒரு லேயர், லேயர் மேல் லேயர். கடைசியில் பார்த்தால் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நிற்பார்கள்.

இதில் ஒரே ஒரு தகராறு, அளவு. போனில் வருகிற படத்துக்கு உயரம் ஏது? மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினால் பொம்மை, வெளியே இழுத்தால் பூதம். அதற்கு வோத்தோ ஒரு வழி வைத்திருந்தார். புருஷனைக் கூப்பிட்டு நிறுத்தி, "உன் பொண்டாட்டி உனக்கு எதுவரைக்கும் வருவா? கைய வச்சுக் காட்டு" என்பார். கை எங்கே நிற்கிறதோ அங்கே தலையைக் கொண்டுபோய் வைப்பார். நாக்கு பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவர் கட்சி.

இன்னொரு தகராறு பாதம். பார்க்கில் படம் எடுக்கிற தோழிகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் கணுக்காலோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு வோத்தோவின் மனைவி துமி இருக்கிறாள். அவளுடைய பாதங்களை ஒருமுறை செருப்போடு எடுத்துவைத்து, எல்லாப் பெண்களுக்கும் அதையே ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ், நான் போகாத வீட்டுலயெல்லாம் என் காலு தொங்குது" என்பாள் துமி. எங்களிடம் அண்ணனுக்கும் மாஸ்தான், புருஷனுக்கும் மாஸ்தான். "செத்தா எல்லார் வீட்டு வாசல்லயும் எனக்குப் பூ போடணும், சொல்லிட்டேன்."

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் சர்பின் வந்தான். மூங்கில் தட்டி பின்னுகிறவன், வாயைத் திறந்து பேசுவதற்குக் கூலி கேட்கிற ஆள். கூடவே அவன் மகள் லாராஸ், பத்து வயது. இரண்டு பேருக்கும் பாசிப்பச்சைத் துணி. மனைவி வினார்தி ஹாங்காங் போகும்போது இந்தப் பெண்ணுக்கு நாலு வயது. நடுவில் கிடைத்த லீவுக்கும் அவள் வரவில்லை. வோத்தோ அவளை நேரில் பார்த்ததே கிடையாது.

கேமராவுக்கு முன்னால் லாராஸ் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போனாள். வோத்தோ கேமராவிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார். "குதிகாலை எறக்கு கண்ணு. கேமராகிட்ட கள்ளத்தனமா?"

இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். "எறக்குன்னேன்ல?"

"பாக் வோத்தோ, அளவை மட்டும் சரியா வைங்க" என்றாள் அவள், பெரிய மனுஷி மாதிரி. எங்களிடம் மரியாதையான ஆணுக்குப் பாக், அம்மாவுக்குப் புக். "எங்க புக் சொல்லியிருக்காங்க. நான் அவங்க தோள் வரைக்கும் வளந்துட்டா வந்துடுவாங்களாம். வந்துட்டா அப்புறம் போக மாட்டாங்களாம். போன்ல மூஞ்சி மட்டும்தான் தெரியுது, தோள் எங்க இருக்குன்னு எப்பிடிப் பாக்கறது? அதான் ஒங்ககிட்ட வந்திருக்கோம்."

வோத்தோ சர்பினைப் பார்த்தார். சர்பின் மேலே ஓடுகிற பல்லியைப் பார்த்தான்.

வினார்தி அனுப்பிய படம் இருக்கிறதே, அது ஒரு தனிக் கூத்து. ஸ்டூடியோவில் பின்னால் பச்சைத் துணி கட்டுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, தோழிகள் இரண்டு பேர் பச்சைப் போர்வையை விரித்துப் பிடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் பச்சை உடுப்பில் இவள். பச்சையை நீக்கு என்று வோத்தோ அமுக்கியதும் போர்வையோடு உடம்பும் போய்விட்டது. ஒரு தலையும் இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்று சிரித்தன. "அல்லா!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார் மனுஷன். பிறகு அன்று காலை முழுக்கத் தொண்டை காய உட்கார்ந்து கையாலேயே வெட்டினார்.

"எங்க, கைய வை" என்றார் சர்பினிடம்.

சர்பின் யோசிக்காமல் உள்ளங்கையை உதட்டுக்கு நேரே வைத்தான். "இங்க. கல்யாணத்தன்னிக்கு அவ கொண்டை என் மூக்குல இடிச்சுட்டே இருந்துச்சு. தும்மலா வந்துது."

வோத்தோ மூலையைப் பிடித்து இழுத்து, வினார்தியை அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் இறக்கினார். துமியின் பாதங்களைக் கீழே வைத்தார். லாராஸ் அவர் முதுகின்மேல் சாய்ந்து திரையில் விரலை வைத்தாள். அவள் உச்சந்தலை அம்மாவின் தோளைத் தாண்டித் தாடையில் நின்றது.

"தாண்டிட்டேன்! பாக், தாண்டிட்டேன் பாருங்க!" மத்தியானம்வரை நோன்பு என்று இருந்தவள், அந்தக் குஷியில் துமியின் பானையில் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவள் ஓடியபின்னும் சர்பின் திரையையே பார்த்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்தான். "அவளுக்கு அனுப்புங்க பாக். அவ ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அனுப்பினார். அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

மறுநாள் சர்பின் தனியாக வந்தான். "கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்றா."

"எவ்வளவு?"

கை புருவத்துக்கு வந்தது. வோத்தோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நேற்று உதடு, இன்றைக்குப் புருவம். "சரியா சொல்லு சர்பின். நேத்து கொண்டை மூக்குல இடிச்சுது. இன்னிக்கு நீயே அவ கொண்டையில போய் இடிப்ப போலிருக்கே?"

"அவதான் சொல்றா பாக்."

இழுத்தார். இப்போது வினார்தியின் தலை சர்பினின் தலையைவிடப் பூசணிக்காய் அளவு பெரிதாகிவிட்டது. சரி, அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் இழுப்போம் என்று இழுத்தால் முகம் புடலங்காய் மாதிரி நீண்டது. சரி, பாவாடையை மட்டும் நீட்டுவோம் என்றால் இடுப்பு எங்கே என்று தெரியவில்லை. அடுத்த நாள் சர்பினின் கை உச்சந்தலைக்கே போய்விட்டது. வோத்தோ பல்லைக் கடித்துக்கொண்டு அவளை அப்படியே மேலே தூக்கினார். துமியின் பாதங்கள் தனி லேயரில் இருந்தது அவர் நினைவில் இல்லை. பாதங்கள் தரையிலேயே நின்றுவிட, வினார்தி ஒரு சாண் உயரத்தில் மிதந்தாள்.

"ராத்திரியோட ராத்திரியா வளர்றாளாய்யா உன் பொண்டாட்டி? அங்க என்ன உரம் போடறாங்க?"

சர்பின் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காதது வோத்தோவை இன்னும் குழப்பியது.

அவர் மண்டை காய்ந்துபோனது. தொழுகைக்கு வரிசையில் நின்றால் பக்கத்து ஆளின் தோள் தன் காதுக்கு வருகிறதா, கன்னத்துக்கு வருகிறதா என்று கண் போனது. எத்தனை முறை குனிந்தோம் என்று மறந்து, எல்லோரும் உட்கார்ந்தபின் இவர் மட்டும் கம்பம் மாதிரி நின்றார். சந்தையில் வாழைப்பழம் வாங்கும்போது பழக்காரியைப் பார்த்து, இவளை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கலாமே என்று நினைத்தாராம். அதைத் துமியிடம் சொல்லவும் செய்தார்.

துமி வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு முதுகுப்பக்கம் போய் நின்றுகொண்டாள். "சரி, நான் ஒங்களுக்கு எதுவரைக்கும் வருவேன்? திரும்பாம கைய வச்சுக் காட்டுங்க."

இது ஒரு கேள்வியா என்று வோத்தோ கையைத் தோளுக்கு நேரே வைத்தார். துமி முன்னால் வந்து நின்றாள். அவள் தலை அவர் காதைத் தொட்டது. ஒரு சாண் தப்பு.

"அடப்பாவி மனுஷா!" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள் துமி. "ஒரே பாயில படுத்து எந்திரிக்கறோம். எனக்கே இப்பிடின்னா ஊர்ப் பொம்பளைங்கள எந்த அளவுல நிறுத்தியிருக்கீங்களோ!"

அன்றைக்குச் சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் வோத்தோ கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். கூடவே இருக்கிற மனைவியின் அளவே தனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாய்க் காணாதவள் அளவு சர்பினுக்கு எப்படித் தெரியும்? உதடு சரியா, புருவம் சரியா? ஒருவேளை அவள் நெடியவள்தானோ? அப்படியென்றால் அந்தப் பெண்ணிடம் தாண்டிவிட்டாய் என்று காட்டியது பொய்யா?

சர்பினே ஒரு யோசனையோடு வந்தான். "நான் நாற்காலியில உக்காந்துக்கறேன் பாக். புதுசா எடுத்துடுங்க." நல்ல யோசனைதான். உட்கார்ந்த புருஷனை வைத்து நிற்கிற மனைவியை அளக்க முடியாது. இனி அந்தப் படத்தில் வினார்திக்கு அளவு சொல்லக்கூடிய ஒரே ஆள் லாராஸ்தான். அவளுடைய பழைய லேயர் அப்படியே பக்கத்தில் நின்றது.

இதற்குள் சின்னதாக்கிப் பெரிதாக்கி, பெரிதாக்கிச் சின்னதாக்கி, வினார்தியின் முகம் வெந்நீர் ஆவிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி கலங்கிப்போய்விட்டது. மூக்கும் உதடும் ஒன்றாகிவிட்டன. சுருக்கிவிட்டு மறுபடி இழுத்தால் போனது திரும்பி வராது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. மூலப் படத்தை எடுத்துவைக்கிற பழக்கமும் கிடையாது. சர்பினின் போனிலிருந்து நம்பரை வாங்கி, அவளுக்கே குரல் செய்தி அனுப்பினார். "படம் கெட்டுப்போச்சும்மா, திரும்ப அனுப்பு. அப்பிடியே உன் உயரம் என்னன்னு நீயே ஒரு தடவை சொல்லித் தொலை. எனக்குப் பைத்தியம் புடிக்குது."

படம் வந்தது. பின்னாலேயே போனும் வந்தது. குளியலறைக்குள் நின்று பேசுகிற குரல், எதிரொலித்தது.

"பாக், நான் குள்ளம்தான். அவர் மொதல்ல காட்டினதுதான் சரி."

"அப்ப எதுக்கும்மா என்னைப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுறீங்க?"

"இங்க நான் பாத்துக்கற கெழவி என்னை விட மாட்டேங்குது. மறுபடி ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுக்குச் சுவர் எழும்பி நிக்குது, கூரை இல்ல. தோள் வரைக்கும் வளந்தா வந்துடறேன்னு அப்ப சும்மா அழுகைய நிறுத்தச் சொன்னது பாக். அது இவ்வளவு சீக்கிரம் வளரும்னு நான் கண்டேனா? அந்தப் படத்தைப் பாத்துட்டு, எப்ப புக் வர்றேன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? என்னைப் பெருசு பண்ணிடுங்க. நீங்க மூலையப் புடிச்சு இழுக்கறதுதானே?"

"உன் புருஷன்கிட்ட—"

"அவருக்குத் தெரியும்."

வோத்தோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அளவு கேட்டால் அளவைச் சொல்லாமல், குடும்பத்தையே தூக்கித் தன் தலையில் வைக்கிறாளே என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது? கூரை இல்லாத வீட்டின்மேலா?

"பண்ணாதீங்க மாஸ்" என்றாள் துமி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "புள்ள வயித்தெரிச்சல் வேணாம்."

"பெத்தவ சொல்றா. நான் யாரு?"

மூலையைப் பிடித்தார். இழுத்தார். மகளின் தலை அம்மாவின் தாடையை விட்டு இறங்கி, தோளைக் கடந்து, நெஞ்சில் வந்து நின்றது. வினார்தி நெடுநெடுவென்று நின்று சிரித்தாள்.

பெருநாளுக்கு முதல் நாள் படத்தை வாங்க லாராஸும் வந்தாள். சட்டம் போட்ட படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அன்னிக்குத் தாடை வரைக்கும் வந்தேனே, பாக்?"

"அது… அன்னிக்கு லேயர் சரியா உக்காரல கண்ணு. கம்ப்யூட்டர் தப்பு."

பாக் வோத்தோவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரே நம்பியது. அவளும் நம்பினாள். "அப்ப இன்னும் இவ்வளவு வளரணும்" என்று விரலால் கண்ணாடியின்மேல் அளந்துவிட்டு, அப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பெருநாளன்று எல்லா வீட்டிலும் மன்னிப்புக் கேட்டு வருகிற வழக்கப்படி, வோத்தோ சர்பின் வீட்டு வழியாகவும் போனார். லாராஸ் புதுத் துணியோடு கொய்யா மரத்துக் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். "தொங்கினா வளரலாமாம் பாக், டீச்சர் சொன்னாங்க" என்று மேலேயிருந்து கத்தினாள். அந்த வீட்டில் நீட்டிய, ஓலையில் பொதிந்து அவித்த கேத்துப்பாட்டுச் சோற்றை வோத்தோ தொடவில்லை. மன்னிப்பைக் கேட்காமலே திரும்பிவிட்டார். யாரிடம் என்னவென்று கேட்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஹஜ் மாதத்தில் ஒருநாள் காலையில் கடை வாசலில் வேன் வந்து நின்றது. முதலில் லாராஸ் இறங்கினாள், கக்கத்தில் அந்தச் சட்டம் போட்ட படம். பின்னால் பெரிய பெட்டியோடு சர்பின். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், முகம் மட்டும் ரொம்பப் பழக்கம். பழைய ஒப்பந்தத்துக்கும் புதிய ஒப்பந்தத்துக்கும் நடுவில் இரண்டு வாரம் விட்டிருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் மகள் நேரே இங்கே இழுத்து வந்திருக்கிறாள். வோத்தோ எத்தனையோ அளவில் பார்த்தவள், இத்தனை சின்னவளாக நிற்கிறாள். மகளின் தலை அம்மாவின் காதோடு உரசியது.

லாராஸ் படத்தை மேசைமேல் வைத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வேற எடுங்க பாக். ஒட்ட வேணாம்."

வினார்தி படத்தைக் குனிந்து பார்த்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "இது என் காலே இல்லியே" என்றாள்.

"என்னோடதுதான்" என்றாள் துமி.

பின்னணித் திரைக்கு முன்னால் அம்மாவும் மகளும் ஒட்டி நின்றார்கள். சர்பின் தள்ளிச் சுவரோரமாகப் போய்விட்டான். வோத்தோ கேமராவில் கண்ணை வைத்தார். லாராஸ் ஆடாமல் அசையாமல், பாதம் இரண்டும் தரையில் பதிய நின்றாள். அவள் பக்கத்தில் வினார்தி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருந்தாள். தோள் மெதுவாக மேலேறியது. வோத்தோ கீழே பார்த்தார். செருப்பை விட்டு அவள் குதிகால் இரண்டும் தூக்கி நின்றன. ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு அதைச் சொல்லாமல் மறுபடி கேமராவில் கண்ணை வைத்தார்.

லாராஸ் தலையைத் திருப்பவில்லை. கேமராவையே பார்த்தபடி சொன்னாள்.

"புக், குதிகாலை எறக்கு."

வினார்தி புருஷனைப் பார்த்தாள், வோத்தோவைப் பார்த்தாள். உதவிக்கு யாரும் வரவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே விரல் நுனியில் நின்றாள். பிறகு இறக்கினாள்.

லாராஸ் அம்மாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எடுங்க, பாக்."